தோலும் உப்பும் சுங்கமும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு விழாக் குழுவினர் பணித்தனர். மன்னர் போர்களையும் ஆளுநர் பெயர்களையும் நம் பிள்ளைகள் பாடநூல்களிலேயே கற்கின்றனர். நம் முன்னோர் நாள்தோறும் கையாண்ட பண்டங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பாடநூலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆகவே, ஆங்கிலேயர் ஆட்சியில் வணிகத்தையும் சுங்கத்தையும் பண்டச் சோதனையையும் ஆண்ட சட்டங்கள் எவ்வாறு இயங்கின என்பதைத் தோல், உப்பு என்னும் இரு பண்டங்களைக் கொண்டு ஆராய முற்படுகிறேன்.

சுங்கத்தின் தொன்மை

சுங்கம் நமக்குப் புதியதன்று. திருவள்ளுவர் அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக உல்கு பொருளைக் குறிக்கின்றார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சோழனின் சுங்கப் பணியாளர் பண்டப் பொதிகளின்மீது புலி முத்திரை பொறித்ததைப் பட்டினப்பாலை கூறுகின்றது. முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றான். சுங்கத்தை நீக்கியமையே ஓர் அரசனுக்குப் பட்டமாக அமைந்தது என்றால், அச்சுமை மக்களை எவ்வளவு அழுத்தியிருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்கு வந்தபோது இப்பழைய உள்நாட்டுச் சுங்கத்தைக் கைவிடவில்லை. 'சாயர்' என்ற பெயரில் அதனைத் தொடர்ந்து தண்டியது. சாலை தோறும் சாவடிகள் நின்றன. பொதிவண்டி சாவடியைக் கடக்க வேண்டுமாயின் 'ரவானா' என்னும் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில் கண்ட பண்டமும் வண்டியில் உள்ள பண்டமும் ஒன்றுதானா என்று சோதிக்கும் அதிகாரம் சாவடிச் சேவகனுக்கு இருந்தது. அவனுக்குக் கிடைத்த ஊதியமோ மிகச் சிறிது. எனவே சோதனை என்பது கையூட்டுக்குரிய வாயிலாயிற்று. வங்காள மாகாணத்தில் நிலவிய இக்கேட்டினைச் சார்லசு டிரவெலியன் 1834ஆம் ஆண்டு தம் அறிக்கையில் விரிவாக எடுத்துக்காட்டினார்.

ஒரு செருப்புக்கு மூன்று வரி

1835ஆம் ஆண்டில், இந்திய விவகாரங்களை இங்கிலாந்திலிருந்து மேற்பார்வையிட்ட கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராக எல்லன்பரோ பிரபு இருந்தார். பின்னாளில் இந்தியாவின் தலைமை ஆளுநரானவரும் அவரே. உள்நாட்டுச் சுங்கத்தின் அநீதியை விளக்க அவர் இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கையாண்டார். ஒன்று பருத்தி, மற்றொன்று தோல்.

இங்கிலாந்துப் பருத்தித் துணி இந்தியாவுக்குள் நுழைய நூற்றுக்கு 2½ வரி செலுத்தினால் போதும். இந்தியத் துணியோ பஞ்சாக இருக்கும்போது 5, நூலாகும்போது 7½, துணியாகும்போது 2½, ரவானா பெற்ற பின் சாயம் தோய்த்தால் மேலும் 2½ என, மொத்தம் நூற்றுக்கு 17½ செலுத்திற்று. தன் நாட்டிலேயே விற்கப்படும் துணிக்கு இந்நிலை!

தோலின் கதையும் இதுவே. பச்சைத் தோலுக்கு நூற்றுக்கு 5. அதனைப் பதனிட்டால் மேலும் 5. பதனிட்ட தோலைச் செருப்பாகவோ பூட்சாகவோ தைத்தால் இன்னுமொரு 5. ஆக நூற்றுக்கு 15. இதன் பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். பச்சைத் தோலாகவே கப்பலேறும் பண்டத்தைச் சட்டம் ஒரு முறைதான் தீண்டிற்று. அதே தோல் இந்நாட்டுத் தொழிலாளியின் கையில் ஒவ்வொரு படி உயரும்போதும் சட்டம் மீண்டும் வந்து வரி கேட்டது. அதாவது, வரி விழுந்தது தோலின்மீது மட்டுமன்று. அதனைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் களைந்து, பட்டைச் சாற்றில் பதப்படுத்தி, தைத்து முடித்த உழைப்பின்மீது. அவ்வுழைப்பு யாருடையது என்பதை இம்மலரைப் படிப்பவருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சென்னை மாகாணத்தில் இதனோடு 'மோட்டர்பா' என்னும் தொழில்வரியும் இருந்தது. தறிக்கு வரி, தச்சனுக்கும் கொல்லனுக்கும் சிறு வணிகனுக்கும் வரி. 1852ஆம் ஆண்டு சென்னை சுதேச சங்கத்தார் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இவ்வரியின் கொடுமையையும் குறிப்பிட்டனர்.

சாவடி நீங்கிற்று; உப்பு விலை ஏறிற்று

வணிகர்களின் முறையீடுகளும் டிரவெலியன் போன்றோரின் அறிக்கைகளும் வீண்போகவில்லை. வங்காளத்தில் 1836இலும், பம்பாயில் 1838இலும், சென்னையில் 1844ஆம் ஆண்டின் 6ஆம் சட்டத்தாலும் உள்நாட்டுச் சுங்கம் ஒழிக்கப்பட்டது. வரலாற்று நூல்கள் இதனைத் தடையற்ற வணிகத்தின் வெற்றி என்று பாராட்டுகின்றன. அப்பாராட்டு தவறன்று. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் நாம் காணல் வேண்டும்.

சாவடி வருவாயை இழந்த அரசு அதனை எவ்விடத்தில் ஈடுசெய்தது? உப்பில்தான். சென்னை மாகாணத்தில் 1805ஆம் ஆண்டு முதல் உப்பு அரசின் தனியுரிமைப் பண்டமாக இருந்தது. 120 மணங்கு கொண்ட ஒரு கரிசை உப்பின் விலை 105 ரூபாயாக இருந்ததை, 1844இல் 180 ரூபாயாக உயர்த்தினர். எதிர்ப்பு எழவே பின்னர் 120 ரூபாயாகக் குறைத்தனர். குறைத்த பின்னரும் அது பழைய விலையைவிட மிகுதியே.

வணிகன் சாலையில் செலுத்திய வரி இவ்வாறு ஏழையின் கலயத்திற்கு இடம் மாறிற்று. செல்வன் பட்டாடை பத்து வாங்கலாம். ஆனால் உப்பைப் பத்து மடங்கு உண்ண இயலாது. நாள் முழுதும் வெயிலில் உழைத்து வியர்வை சிந்துபவனுக்கே உப்பு மிகுதியாக வேண்டும். கூழுக்குத் தொட்டுக்கொள்ள வேறொன்றும் இல்லாத குடிசையில் உப்பே கறியாகும். ஆகவே உப்பு வரி, உழைப்பவன்மீது விழுந்த தலைவரியே எனலாம்.

தென்னாட்டை உலுக்கிய 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தின் பிடி முற்றும் தளர்வதற்கு முன்பே, இந்தியா முழுமைக்கும் வரியைச் சமன்செய்தல் என்ற பெயரில், சென்னை மாகாணத்து உப்பு வரி மணங்கு ஒன்றுக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது. 1882இல் 2 ரூபாயாகக் குறைந்து, 1888இல் மீண்டும் 2 ரூபாய் 8 அணாவாகி, 1903 வரை அவ்வாறே நின்றது. மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோ. அவ்வளவு உப்பை விளைவிக்க ஆன செலவோ சில அணாக்களே. உவர் மண்ணைச் சுரண்டி வீட்டுக்கு உப்புக் காய்ச்சுவதும் குற்றமாயிற்று. கடற்கரையில் தானே விளைந்து கிடந்த உப்பை ஒரு பிடி அள்ளியவளும் சட்டத்தின் முன் குற்றவாளியே.

இவ்வரிக்கும் தோலுக்கும் தொடர்புண்டு. உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்பிட வேண்டும். உப்பு விலை ஏறினால், அதனைக் குறைவாகத் தூவுவர், தோல் பழுதுபடும், பழுதுபட்ட தோலுக்கு விலை குறையும். ஒரு பண்டத்தின் வரி மற்றொரு பண்டத்தின் தரத்தைத் தாக்கும் என்பதற்கு இது தக்க சான்று.

1878ஆம் ஆண்டுக் கடற்சுங்கச் சட்டம்

துறைமுகச் சுங்கத்தை ஒழுங்குபடுத்த 1878ஆம் ஆண்டின் 8ஆம் சட்டமாகக் கடற்சுங்கச் சட்டம் வந்தது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் அதன் இடத்தைப் பெறும்வரை, விடுதலைக்குப் பின்னும் பல ஆண்டுகள் அது நடைமுறையில் இருந்தது. நன்கு வரையப்பட்ட சட்டம் அது என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பண்டத்தின் மதிப்பை உரியவரே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்த மதிப்பு மிகக் குறைவு என்று கருதினால், அவ்விலையையே கொடுத்து அரசு அப்பண்டத்தை எடுத்துக்கொள்ளலாம்! பொய்க் கணக்கு எழுதுவோரைத் தடுக்க இதனினும் நுட்பமான வழி காண்பதரிது. எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டம் என்பது நீண்ட பட்டியலாகத் தரப்பட்டிருந்தது. அதிகாரியின் முடிவு தவறெனக் கருதுவோர் மூன்று மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்யவும் வழி இருந்தது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. அறிவிப்பு எழுத்தில், பட்டியல் எழுத்தில், மேல்முறையீடும் எழுத்தில். சட்டம் எல்லார்க்கும் பொது என்றாலும், எழுத்தறிந்தவனுக்கே அது கதவைத் திறந்தது.

எழுத்தறிந்து திரண்டு நின்றோர் சட்டத்தையே மாற்றினர் என்பதற்குப் பருத்தி வரியே சான்று. லங்காசயர் ஆலை முதலாளிகளின் வற்புறுத்தலால் 1882இல் இறக்குமதி வரிகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. அரசுக்குப் பணமுடை நேர்ந்து 1894இல் வரியை மீண்டும் விதித்தபோது அவர்கள் மறுபடியும் முறையிட்டனர். 1896இல் இறக்குமதித் துணிக்கு நூற்றுக்கு 3½ எனக் குறைத்து, இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3½ உள்நாட்டு வரியை விதித்தனர். அவ்வரி நீங்க முப்பது ஆண்டுகள் ஆயின.

தோல் கப்பலேறிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துத் தோல் உலகச் சந்தையில் தனிப் பெயர் பெற்றது. ஆவாரம்பட்டையால் பதனிட்டுக் கடுக்காயால் முடிக்கப்பட்ட தோல், இங்கிலாந்துக்குப் பெருமளவில் சென்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, பல்லாவரம் ஆகிய இடங்களில் தொழில் வளர்ந்தது. சென்னைப் பெரியமேடு அதன் சந்தையாயிற்று. தோல் ஷாப்புகளின் சுண்ணாம்புத் தொட்டிகளிலும் பட்டைத் தொட்டிகளிலும் இறங்கி உழைத்தோர் பெரும்பாலும் ஆதிதிராவிடரும் அருந்ததியருமே.

சிற்றூர்களில் இதன் விளைவு வேறு வகையாயிற்று. இறந்த மாட்டின் தோல் அருந்ததியருக்குரியது. அதற்கு ஈடாக உழவனுக்குச் செருப்பும் வாரும் கவலைத் தோற்பையும் செய்து தரவேண்டும் என்பது பழைய வழக்கம். ஏற்றுமதியால் தோலின் விலை ஏறியபோது நல்ல தோல் தரகர் வழியே நகரை நோக்கிச் சென்றது. ஊர்த் தொழிலாளிக்குக் கழிவுத் தோலே எஞ்சிற்று. உழைப்புக் கடமை மட்டும் அப்படியே நின்றது. தோல் தொழிலின் இந்நிலையை ஆராய்ந்து ஆல்பிரட் சாட்டர்டன் 1904ஆம் ஆண்டு தனிநூல் எழுதினார். குரோமியம் கொண்டு பதனிடும் புதுமுறையைச் சென்னையில் அரசு சார்பில் தொடங்கியவரும் அவரே. நீரில் எளிதில் கெடாத அத்தோல் கவலைப் பைகளுக்கு ஏற்றதாக இருந்தது. ஆனால் அரசு தொழில் நடத்துவது தனியார் வணிகத்தில் தலையிடுவதாகும் என்று ஐரோப்பிய வணிகர் எதிர்த்தனர். இந்திய மந்திரி மார்லி பிரபுவும் 1910இல் அத்தகைய முயற்சிகளை ஏற்க மறுத்தார். அரசின் தோல் தொழிற்சாலை கைமாறிற்று. முறையீட்டின் வலிமை இங்கும் புலனாகின்றது.

1919ஆம் ஆண்டு ஏற்றுமதி வரி

முதல் உலகப் போருக்கு முன்னர் இந்தியப் பச்சைத் தோலைப் பெருமளவில் வாங்கியது செருமனி. போர் மூண்டதும் அவ்வாணிகம் நின்றது. படைவீரரின் பூட்சுக்கு மேல்தோல் தேவைப்படவே, 1916இல் அரசு பதனிட்ட தோல் வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்துத் தோல் ஷாப்புகள் இரவு பகலாக இயங்கின.

போர் முடிந்ததும் 1919 செப்டம்பரில் ஒரு புதுச் சட்டம் வந்தது. பச்சைத் தோலை ஏற்றுமதி செய்தால் நூற்றுக்கு 15 வரி. பிரித்தானியப் பேரரசுக்குள் பதனிடப்படுமாயின் அதில் மூன்றில் இரு பங்கு திருப்பித் தரப்படும். 1835இல் தோலைப் பதனிட்டவன் தலையில் ஏறியிருந்த அதே 15, இப்போது பதனிடாமல் அனுப்புபவன் தலையில் ஏறிற்று! எண் ஒன்றே, நோக்கம் நேர்மாறானது. உள்நாட்டிலே பதனிட்டால் உள்நாட்டிலே வேலை பெருகும் என்பது நல்ல கொள்கையே. ஆயினும் திருப்பித் தரும் ஏற்பாட்டால், இங்கிலாந்துத் தொழிற்சாலையும் அச்சலுகையில் பங்கு பெற்றது.

பச்சைத் தோல் ஏற்றுமதியாளர்கள் இவ்வரியை எதிர்த்தனர். இப்ராகிம் ரகிம்துல்லா தலைமையில் 1921–22இல் அமைந்த நிதிக் குழுவும் தொழிற் பாதுகாப்புக்கு ஏற்றுமதி வரி தக்க கருவியன்று என்று கருதிற்று. 1923இல் வரி நூற்றுக்கு 5 ஆகக் குறைந்து, பேரரசுச் சலுகை நீங்கிற்று. அதே 1923ஆம் ஆண்டில் உப்பு வரியோ 1 ரூபாய் 4 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக இரட்டிப்பாயிற்று. மத்திய சட்டமன்றம் மறுத்தும், ரீடிங் பிரபு தம் தனியதிகாரத்தால் அதனை நிறைவேற்றினார். மறு ஆண்டே அதனைக் கைவிட நேர்ந்தது.

இத்தனை மாற்றங்களிலும் ஏற்றுமதியாளர் பேசினர், தோல் ஷாப்பு உரிமையாளர் பேசினர், லங்காசயரும் பேசிற்று. தொட்டியில் நின்றவன் பேசியதாக எங்கும் காணோம்.

பண்டத்தைச் சோதித்தனர்; ஆளைக் காணவில்லை

பண்டச் சோதனைச் சட்டங்களிலும் இதே குறை உண்டு. 1889ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம் பொய் முத்திரையைத் தடுத்தது. 1937ஆம் ஆண்டு வேளாண் விளைபொருள் தரப்படுத்தல் சட்டம், இன்று 'அக்மார்க்' என நாம் அறியும் முத்திரைக்கு அடிகோலிற்று. தோலும் அதில் இடம்பெற்றது. கத்தி பட்ட வடு, சூட்டுத் தழும்பு, உண்ணி கடித்த துளை ஆகிய ஒவ்வொன்றும் தோலின் தரத்தைக் குறைக்கும். அதே தோலைக் கையாண்டவனின் கையில் சுண்ணாம்பு தின்ற புண்ணைக் கணக்கிட ஒரு பட்டியல் இல்லை.

இங்கிலாந்தில் 1919ஆம் ஆண்டு அடைப்பான் நோய்த் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1921இல் லிவர்ப்பூலில் ஒரு நிலையம் அமைத்து, இந்திய ஆட்டுமயிர் போன்றவற்றை நச்சு நீக்கிய பின்னரே தம் தொழிலாளர் கையில் கொடுத்தனர். அது போற்றத்தக்க செயல். ஆனால் அதே விலங்கின் மயிரையும் தோலையும் முதன்முதலில் தொட்ட நம் தொழிலாளிக்கு அத்தகைய காவல் இல்லை. 1922ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பொதுவாக விசை இயந்திரமும் இருபது ஆட்களும் உள்ள இடங்களுக்கே பொருந்திற்று. பெரும்பாலான தோல் ஷாப்புகளில் இயந்திரம் இல்லை. கையும் காலுமே இயந்திரம். 1929இல் அமைந்த விட்லி தலைமையிலான அரசத் தொழிலாளர் ஆணையம், 1931ஆம் ஆண்டு அறிக்கையில், சட்டத்தின் வரம்புக்கு வெளியே நின்ற தொழில்களுள் தோல் பதனிடுதலையும் சேர்த்து எழுதிற்று. சென்னை மாகாணத்தில் விசையில்லாத் தொழிற்சாலைகளுக்கெனச் சட்டம் வந்தது 1947இல்தான். தோலுக்குச் சட்டம் வந்து நூறாண்டுக்கு மேல் சென்ற பின்னரே தொழிலாளிக்குச் சட்டம் வந்தது.

என் பாட்டனார் ஒரு தோல் ஷாப்பில் முப்பதாண்டுக்கு மேல் உழைத்தவர். என் சிறு வயதில், முதுமையால் கண் மங்கிய பின்னரும், ஒரு தோலை விரலால் தடவி, ஆடா செம்மறியா, உப்பிட்டதா உலர்த்தியதா என்று சொல்லிவிடுவார். சோதிப்பவர் எந்தத் தரத்தில் சேர்ப்பார் என்பதையும் முன்கூட்டியே உரைப்பார். ஆனால் கட்டின்மேல் இட்ட முத்திரையைப் படிக்க அவருக்குத் தெரியாது. ஒரு நாள் வீட்டில் கிடந்த பழைய சாக்குத் துண்டை என்னிடம் நீட்டி, "இதுல என்னா போட்டிருக்கான், படிடா கண்ணு" என்றார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். சிறிது நேரம் பேசாதிருந்து, "அந்தத் தோலு நான் பதம் பாத்தது" என்றார். ஊதியச் சீட்டில் அவர் வைத்தது எப்போதும் பெருவிரல் ரேகைதான். சீட்டில் எழுதிய தொகையும் கையில் பெற்ற தொகையும் ஒன்றுதானா என்பதை அவர் ஒருநாளும் அறிந்ததில்லை. ரவானாவைப் படிக்கத் தெரியாத வண்டிக்காரனின் நிலையும் அவர் நிலையும் ஒன்றே.

நாம் கொள்ளத்தக்க பாடம்

மேல்முறையீட்டு உரிமை சட்டத்தில் இருந்தது என்றேன். விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒருவன் நம்மிடையே இருந்தாலும், அலுவலகத்தின் வாயிலை அவன் அணுக இயன்றதா? இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் போன்றோர் உறுப்பினராயிருந்த சென்னைச் சட்டமன்றம் 1924ஆம் ஆண்டில், பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் பொது அலுவலகங்களிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் தடையின்றிச் செல்லலாம் என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. கடற்சுங்கச் சட்டம் வந்து 46 ஆண்டுகளுக்குப் பின்னரும் அத்தகைய தீர்மானம் தேவைப்பட்டது என்பதே நம் நிலையை விளக்கும்.

எனினும், அக்கணக்கேடுகளை நம்மில் ஒருவர் அதற்கு முன்பே திறந்து படித்துவிட்டார். 1915ஆம் ஆண்டு, தம் இருபத்து நான்காம் வயதில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டத்திற்காக அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்கொண்ட பொருள் யாது? கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும். நிலவரி, உப்பு, சுங்கம், மோட்டர்பா என யார் எவ்வளவு செலுத்தினர் என்பதை அவர் ஆராய்ந்தார். சாவடியில் சோதிக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல் சாவடியின் கணக்கையே சோதித்தார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றபோது, அக்கல்வி தொழிலாளர்க்குப் பயன்பட்டது.

வரிச் சட்டம் பண்டத்தைப் பற்றிப் பேசுவதுபோல் தோன்றும். உண்மையில் அது ஒருவன் தோளிலிருந்து சுமையை இறக்கி மற்றொருவன் தோளில் ஏற்றுகின்றது. எவன் படித்து, கேட்டு, முறையிடுகின்றானோ அவன் சுமை குறைகின்றது. எவன் வாய் திறவானோ அவன் உப்பில் அது வந்து சேர்கின்றது. 1844ஆம் ஆண்டு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

ஆகவே நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். நம் பிள்ளைகள் ஆசிரியராகவும் மருத்துவராகவும் ஆகட்டும். அதனோடு வணிகவியலும் பொருளியலும் சட்டமும் கற்கட்டும். சுங்கத் துறை, வரித்துறைத் தேர்வுகளை எழுதட்டும். சங்கத்தின் படிப்பகத்தில் தொழிலாளர் சட்டங்களும் வரிச் சட்டங்களும் தமிழில் வைக்கப்படட்டும். மாலை வகுப்பிற்கு வரும் ஒவ்வொரு மாணவனும் வாரம் ஒருமுறை தன் தெருவில் உள்ள பெரியவர் ஒருவரின் ஊதியச் சீட்டையோ கடன் பத்திரத்தையோ அவருக்குப் படித்துக் காட்டட்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. என் பாட்டனாருக்கு அவர் பெயரை எழுதக் கற்பிக்க நான் காலம் தாழ்த்திவிட்டேன். அக்குறை இன்னொரு வீட்டில் நேராதிருக்க வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகள் கல்விப் பணியாற்றிய நம் சங்கம் பொன்விழாவும் காண்பதாகுக.